தேதித்தாளுக்கு ஓர் உரை

நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்று. முன்பக்கம் சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை, ராகுகாலம், எமகண்டம், சூலம். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் எட்டு வரி. எழுதியவன் என் மச்சான், மனைவியின் தம்பி, அடி அண்ணாமலைக்காரன். அறுபதை எட்டியும் தூண்டிலைத் தொடாத தமிழ் வாத்தியாரான என்னைக் கோடையில் சாத்தனூர் அணைப் பக்கம் முதல்முறை மீன் பிடிக்கக் கூட்டிப்போக அவன் போட்ட திட்டம் அது. வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் பரிமேலழகர் உரையைச் சொல்லிக்கொடுத்தவனுக்கு மளிகைச் சீட்டைப் பார்த்தாலும் உரை எழுதக் கை அரிக்கும். இதை விடுவேனா?

“பௌர்ணமி கழியட்டும் மாமா.”

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் குடியிருப்பவனுக்கு இதற்கு உரையே தேவையில்லை. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் தலைகளாகத்தான் தெரியும். செங்கம் ரோட்டில் வண்டியை வெளியே எடுக்க முடியாது. சித்ரா பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம். இதற்கு வேறுரையும் உண்டு. நிலா வெளிச்சத்தில் மீன் ராத்திரியெல்லாம் மேய்ந்துவிட்டு, விடிந்தபின் இரையைத் திரும்பிப் பார்க்காது என்பது தூண்டில்காரர்கள் சொல்வது. எது ஆசிரியர் கருத்து என்று ஆசிரியரையே கேட்டேன். “ரெண்டும்தான் மாமா. அன்னிக்குத் தூண்டிலோட கெளம்பினா அக்கா திட்டும்” என்றான்.

“நாலரைக்கு ஆசிரமம் எதுத்தாப்ல நில்லுங்க. டீ அங்கதான்.”

நாலரை என்றது விடியற்காலை நாலரை. அங்கிருந்து தண்டராம்பட்டு வழியாக அணைக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிழக்கு வெளுக்கும்போது கரையில் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

ஏன் அவ்வளவு அவசரம் என்பதற்கு விடை தண்ணீரில் இருக்கிறது. சூடான தண்ணீருக்குப் பிராணவாயுவைப் பிடித்துவைக்கும் சக்தி குறைவு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் வரை கரைந்திருக்கும் வாயு, 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் கத்திரியில் கரையோரத் தண்ணீர் பகலில் வெந்நீர்ப் பானைதான். மீன் ஆழத்துக்குப் போய் அசையாமல் கிடக்கும். ராத்திரி ஆறிய தண்ணீரில் விடியற்காலையில்தான் கரைக்கு வந்து வாய் வைக்கும்.

“சொல்ல வேண்டிய ஆள்கிட்ட சொல்லிட்டேன்.”

சொன்னது என்ன, சொல்லப்பட்டவர் யார் என்று எதுவும் இல்லாத வாக்கியம். இடம் நோக்கித்தான் பொருள் கொள்ள வேண்டும். தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடித்த அணை இது. முழு உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அந்தத் தண்ணீர் நீர்வளத் துறையின் மதகில் இருக்கிறது என்றால், அதற்குள் நீந்தும் மீன் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் கணக்கில் இருக்கிறது. ஊர் ஏரி என்றால் குத்தகைக்காரர். ஆள் இல்லாத தண்ணீர் என்று ஒன்று இந்த மாவட்டத்தில் கிடையாது. புதிதாகத் தூண்டில் வாங்குகிறவர்கள் கடைசியில் நினைக்கும் விஷயமான அனுமதியை மூன்றாம் வரியிலேயே வைத்திருக்கிறான் மச்சான். இந்த ஒன்றுக்காகவே அவனை நல்ல நூலாசிரியன் என்பேன்.

“முள்ளு சின்னது போதும். நரம்பு என்கிட்ட இருக்கு.”

நரம்பு, நைலான் நூல். முள், தூண்டில் முள். இந்த வரியில்தான் நூலின் பெரிய மர்மம் தொடங்குகிறது. என்ன மீன் பிடிக்கப் போகிறோம் என்று எட்டு வரியிலும் ஒரு சொல் இல்லை.

இந்தத் தாளைப் படமெடுத்து டொரொன்டோவில் இருக்கும் மனைவியின் அக்கா மகனுக்கு அனுப்பியிருந்தேன். அவனும் இந்தக் கோடையில் நண்பர்களோடு வடக்கே ஓர் ஏரிக்கு முதல்முறை மீன் பிடிக்கப் போகிறான். “மீன் பேரே இல்லையே சித்தப்பா” என்றான். அவன் திட்டம் மீனின் பெயரிலிருந்துதான் தொடங்குகிறது. வாலாய். அங்கே பேச்சில் பிக்கரல். அதற்கு உரிமச் சீட்டு வேண்டும். ஒண்டாரியோவின் பல பகுதிகளில் மே மாதத்து மூன்றாம் சனிக்கிழமைதான் பருவம் திறக்கும், அதுவரை முட்டையிட விட வேண்டும். ஓர் ஆள் இத்தனைதான் எடுக்கலாம் என்று வரம்பும் உண்டு. அந்த மீனின் கண்ணுக்குள் பூனைக்கு இருப்பதுபோல ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருக்கிறது. அதனால் மங்கலில்தான் வேட்டையாடும். “அப்ப மாமாவோட நாலரை இங்கயும் சரிதான்” என்றான் பையன். மூலநூலுக்குக் கடல் கடந்து கிடைத்த முதல் பாராட்டு.

மர்மத்துக்கு வருகிறேன். முள் சின்னது என்றதனால் கட்லா இல்லை என்பது பெறப்படும். ஐந்து கிலோ கட்லா அந்த முள்ளை நிமிர்த்திப் போட்டுவிட்டுப் போகும். அடுத்த வரியையும் இங்கேயே சேர்த்துப் பார்ப்போம்.

“மைதா பிசஞ்சுக்கங்க. பூண்டு தட்டிப் போட்டு.”

மாவு உருண்டையைத் தின்ன விரால் வராது, அதற்குத் துடிக்கிற தவளை வேண்டும். வாளையும் அப்படியே. எஞ்சுவது ரோகு, மிர்கால், ஜிலேபி. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுமே வடக்கத்தி மீன்கள். கங்கைச் சமவெளி ஆறுகளிலிருந்து தெற்கே கொண்டுவந்து விட்டவை. நம் பையன் மீனைத் தேடி வடக்கே போகிறான், நமக்கு வடக்கே இருந்து மீன் வந்துவிட்டது. ஆனால் வந்த மீன் தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது, அதற்கு மழைவெள்ளம் ஓட வேண்டும். ஒடிசாவில் 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரி ஊசிமருந்து செலுத்தி இந்த இன மீன்களை முட்டையிட வைத்த பிறகுதான் குளம் குளமாகக் குஞ்சு விடுவது சுலபமாயிற்று. ஜிலேபிக்கு அந்த வம்பே இல்லை. ஆப்பிரிக்க மீன், 1952-இல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்தது. தாய் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துக் காத்து, விட்ட இடமெல்லாம் பெருகும். யாரும் குஞ்சு விட வேண்டாம், யாரும் அழிக்கவும் முடியாது. வாயோ சின்னது. ஆகவே மச்சான் மனத்தில் இருந்தது ஜிலேபி என்று முடிவு கட்டுகிறேன். பூண்டு எதற்கு என்றால், வாசம் தண்ணீரில் நின்று பரவும் என்கிறான். மைதாவில் பூண்டு போட்டுப் பிசைந்ததைப் பார்த்து என் மனைவி போண்டாவா என்று கேட்டாள்.

“மயில் தண்டு ரெண்டு பாத்து வைங்க.”

எட்டு வரியில் அழகான வரி. மயில் தண்டு, தோகை இறகின் நடுக்காம்பு. வெள்ளையாக, உள்ளே பஞ்சுபோல இருக்கும், தண்ணீரில் மூழ்காது. இறகின் மயிரைச் சுரண்டி, விரல் நீளத்துக்கு வெட்டி, சைக்கிள் வால்வு டியூபைத் துளி நறுக்கி அதில் மாட்டி நரம்பில் ஏற்றினால் தக்கை தயார். டியூபை மேலும் கீழும் நகர்த்தி முள் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஜிலேபி மாவை மோந்து பார்த்தால்கூட அந்தத் தண்டு தலையாட்டும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் தக்கை அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை. ஆசிரமத்துக் கூரையிலும் மலையடிவாரத்திலும் காலையில் அகவல் கேட்காமல் எழுந்த நாள் இல்லை. தானாக உதிர்ந்த இறகை எடுத்து வைத்துக்கொள்ள 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும் தடை சொல்வதில்லை. சிக்கல் வேறு. இணைசேரும் பருவம் முடிந்த பிறகுதான் ஆண் மயில் தோகையை உதிர்க்கும். சித்திரையில் தெருத்தெருவாகத் தேடினாலும் முழுத் தோகையோடு ஆடுகிற மயில்தான் கண்ணில் படும். “பாத்து வைங்க” என்பது எதிர்காலம் போலத் தோன்றினாலும், போன வருஷமே பொறுக்கி வைத்தவனுக்குத்தான் அது பொருந்தும். எதிர்வீட்டுப் பிள்ளை புத்தகத்துக்குள் குட்டி போடும் என்று வைத்திருந்த இறகை, இரண்டு மிட்டாய்க்கு வாங்கிக் காம்பை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்.

“தண்ணில கால் வெக்காதீங்க.”

தடையை மட்டுமே சொல்லும் ஒரே வரி. காரணத்தை அவன் சொல்லவில்லை. நான் மூன்று காண்கிறேன். ஒன்று முதலை. சாத்தனூரில் வனத்துறையின் முதலைப் பண்ணை இருக்கிறது. அணைத் தண்ணீரிலும் முதலை உண்டு என்பது ஊரறிந்த சேதி. இரண்டு சேறு. கோடையில் தண்ணீர் பின்வாங்கிய கரை மேலே வெடித்துக் காய்ந்து கெட்டித் தரை மாதிரி தெரியும். அன்று என் வலது கால் அதில் முழங்கால் வரை போய், செருப்பில்லாமல் திரும்பியது. மூன்று, மீனின் உடம்பு நெடுகப் பக்கக்கோடு என்ற உணர்வுக் கோடு ஓடுகிறது. நாம் காலைத் தொப்பென்று வைத்தால் அந்த அதிர்வு நம் தூண்டிலுக்கு முன்னால் அதற்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்குவது எந்தப் பருவத்திலும் கூடாது. 2024 டிசம்பர் 2 விடியற்காலை, ஃபெஞ்சல் புயல் மழையில் இதே அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் வரை தென்பெண்ணைக் கரை ஊர்கள் தண்ணீரில் நின்றன.

“வெயில் ஏறிட்டா சுருட்டிக்கலாம். அக்காவ சட்டி வெக்கச் சொல்லாதீங்க.”

முதல் பாதி வெளிப்படை. எட்டரை மணிக்குச் சுருட்டினோம். வருகிற வழியில் அணையருகே வறுத்த மீன் கடைகளில் கூட்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை என்பதால், அந்த நாட்களில் அணை மீனுக்குத் தனி மவுசு.

இரண்டாம் பாதி எனக்கு நெடுநாள் குழப்பம். எங்கள் வீட்டுக்காரர் கவிச்சி சமைக்கக் கூடாது என்று சொல்லித்தான் வீடு கொடுத்தார். மீனே ஏறாத அடுப்பில் சட்டி வைக்காதே என்பது வெறும் சொல்லை அடுக்கும் வெற்றெனத் தொடுத்தல் என்னும் நூற்குற்றம். சகுனம் என்றும் கொள்ளலாம். சட்டி வைத்துவிட்டுப் போனால் மீன் மாட்டாது என்பார்கள். நான் சகுனம் என்றே கொண்டு வாயைத் திறக்கவில்லை.

கிடைத்தது மூன்று. மூன்றும் ஜிலேபி, உள்ளங்கை அகலம். வண்டியை மச்சான் ஆசிரமத்தில் நிறுத்தாமல் நேரே அடி அண்ணாமலைக்கு விட்டான். அவன் வீட்டுத் திண்ணை ஏறும்போதே புளி கொதிக்கிற வாசனை. மண்சட்டி அடுப்பில் இருந்தது, மிளகாய் அரைத்தாகிவிட்டது. என் மனைவி முறத்தை மடியில் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்காவ” என்பதை ‘அக்காவை மட்டும்’ என்று பிரிநிலையாகக் கொள்ள வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. தன் பெண்டாட்டியிடம் அவன் முதல் நாளே சொல்லியிருக்கிறான்.