கீறலும் பற்பசையும்

என் மூக்குக்கண்ணாடியில் மூன்று கீறல்கள் விழுந்துவிட்டன. பற்பசை வைத்துத் தேய்த்தால் மாயமாய்ப் போய்விடும் என்றார் அடுத்த வீட்டு நண்பர். தேய்த்தேன். கீறல்கள் போயின என்றே சொல்ல வேண்டும். லென்ஸ் முழுவதும் படர்ந்த மார்கழிப் பனியில் அவை இருந்த இடமே தெரியவில்லை!

கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

"கீறல்னா அழுக்கா சார், தேய்ச்சாப் போறதுக்கு? அது பள்ளம். அதைப் போக்கணும்னா சுத்தி இருக்கிற மேட்டையெல்லாம் தேய்க்கணும். அப்புறம் உங்க பவர் எங்கே இருக்கும்?"

மேட்டைத் தேய்ப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு மகான் ஹாலந்தில் இருந்தார். தத்துவஞானி ஸ்பினோஸாதான். 1656-ல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரைப் பிரஷ்டம் செய்தது. லென்ஸ் தேய்த்துப் பிழைத்தார். உலோக அச்சில் கண்ணாடி வட்டை வைத்து, முதலில் முரட்டுப் பொடி, பிறகு மெல்லிய பொடி, அதற்கும் பிறகு மாவு போன்ற பொடி என்று மாற்றி மாற்றித் தேய்ப்பார்கள். ஒவ்வொரு பொடியும் முந்தியது போட்ட கீறலை அழித்து, அதைவிடச் சின்னக் கீறலைப் போடும். கடைசிக் கீறல் கண்ணுக்குத் தெரியாது. அதைத்தான் பளபளப்பு என்கிறோம்! ஸ்பினோஸா கொடுத்த மெருகை ஹைகன்ஸ் என்ற பெரிய விஞ்ஞானியே மெச்சினார். 1673-ல் ஹைடல்பெர்க் சர்வகலாசாலை பேராசிரியர் பதவி தருவதாக அழைத்தது, வேண்டாமென்று எழுதிவிட்டார். 1677-ல் நுரையீரல் நோயால் இறந்தபோது அவருக்கு வயது 44. வருஷக்கணக்காகச் சுவாசித்த கண்ணாடித் தூளுக்கும் அதில் பங்கு உண்டு என்று பலர் கருதுகிறார்கள். நானோ பத்து நிமிஷத்தில், ஒரே பசையில், அந்த வேலையை முடித்துவிடப் பார்த்தேன்.

ஆனால் ஒரு சந்தேகம். என் தகப்பனார் கடைசி வரையில் அங்கவஸ்திரத்தால்தான் கண்ணாடியைத் துடைத்தார். அதில் ஒரு கீறல் விழுந்து நான் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் ஆறே மாதத்தில் ஏன்?

அவருடையது அசல் கண்ணாடி. கீழே விழுந்தால்தான் ஆபத்து. என்னுடையது பிளாஸ்டிக். 1940-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த ஸி.ஆர்.39 என்ற பிசினின் வம்சம். யுத்தத்தில் குண்டு வீசும் விமானங்களின் பெட்ரோல் தொட்டிகளை இலேசாக்க உதவிய சரக்கு அது. 1947-ல் கலிபோர்னியாவில் மூக்குக்கண்ணாடிக்கு வந்து சேர்ந்தது. எடை பாதிதான், எளிதில் உடையாது. ஆனால் தெருப் புழுதியில் இருக்கும் மணல் துணுக்குக்கு அசல் கண்ணாடியாவது கொஞ்சம் ஈடு கொடுக்கும்; பிளாஸ்டிக் கொடுக்காது. உலர்ந்த வேஷ்டித் தலைப்பால் துடைக்கும்போது அந்த மணலைத்தான் வைத்துத் தேய்க்கிறோம். இதற்காகவே மேலே ஒரு கெட்டிப் பூச்சுப் பூசுகிறார்கள். 1983-ல் ஒரு கம்பெனி நாஸாவின் விண்வெளி ஆராய்ச்சியிலிருந்தே அப்படிப்பட்ட பூச்சு ஒன்றுக்கு உரிமை வாங்கியது. நான் பற்பசை போட்டுக் கெடுத்ததும் அத்தகைய பூச்சைத்தான்.

"முதல்லே குழாய்த் தண்ணியிலே காட்டுங்க. மண் போனப்புறம் துணி" என்று சொல்லிப் புது லென்ஸுக்குப் பில் எழுதினார் கடைக்காரர்.

மாலையில் நண்பரிடம் பில்லைக் காட்டினேன்.

"அடடா! நான் எங்கே அதையெல்லாம் செய்து பார்த்தேன்? யாரோ சொன்னதைச் சொன்னேன்" என்றார்.