8.8.8.8: ஒரு நம்பர் மாத்துறதுக்குப் பின்னாடி இருக்கிற கதை

இந்த எபிசோடுல ஒரு நம்பரோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். வைஃபை சிக்னல் ஃபுல்லா இருக்கும், ரௌட்டர்ல எல்லா லைட்டும் பச்சையா எரியும், ஆனா ஒரு சைட் கூடத் திறக்காது. அப்போ யாராவது ஒரு ஃப்ரெண்ட் சொல்வாங்க: "டிஎன்எஸ்-ஐ 8.8.8.8-னு மாத்திப் பாரு." மாத்தினா சில நேரம் சரியாகிடும், சில நேரம் ஒண்ணுமே நடக்காது. ஏன் அப்படி? அந்த நம்பரை மாத்தும்போது உண்மையில நாம எதை மாத்துறோம்? இதுக்குப் பதில் தெரியணும்னா 1970-களுக்குப் போகணும்.

ஒரே ஒரு ஃபைல்

இன்டர்நெட்டுக்கு முன்னோடி ஆர்பாநெட். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பணம் போட்ட நெட்வொர்க். கம்ப்யூட்டர்கள் ஒண்ணை ஒண்ணு எண்களாலதான் கூப்பிடும். ஆனா மனுஷனுக்கு எண் நிக்காது, பேர்தான் நிக்கும். அதனால எந்தப் பேருக்கு எந்த எண் என்று ஒரு பட்டியல் இருந்தது. அந்த ஃபைலோட பேர் ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி.

கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், எஸ்ஆர்ஐ என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. புதுசா ஒரு கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் சேர்க்கணும்னா அவங்ககிட்ட சொல்லணும். அவங்க ஃபைல்ல ஒரு வரி சேர்ப்பாங்க. மத்தவங்க எல்லாரும் அந்த ஃபைலை டவுன்லோட் பண்ணிக்கணும். மொத்த நெட்வொர்க்குக்கும் ஒரே டெலிபோன் டைரக்டரி மாதிரி.

கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக இந்த ஏற்பாடு திணற ஆரம்பித்தது. ஃபைல் பெரிசாகிட்டே போச்சு, எல்லாரும் ஒரே இடத்திலிருந்து அதை இழுத்தாங்க. ஒருத்தர் காப்பி பண்ணி முடிக்கிறதுக்குள்ள அது பழசாகியிருக்கும்.

மாக்கபெட்ரிஸ் கொண்டுவந்த மாற்றம்

தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் ஜான் போஸ்டல் இந்தப் பிரச்சினையை பால் மாக்கபெட்ரிஸ் கையில் கொடுத்தார். 1983 நவம்பரில் மாக்கபெட்ரிஸ் எழுதிய ஆர்எஃப்சி 882, 883 என்ற இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. அதுதான் டொமைன் நேம் சிஸ்டம், சுருக்கமா டிஎன்எஸ். 1987-ல் திருத்தி வெளியிட்ட ஆர்எஃப்சி 1034, 1035 தான் இன்னிக்கும் அதோட அஸ்திவாரம்.

யோசனை எளிமையானது. முழுப் பட்டியலையும் யாரும் வச்சிருக்க வேண்டாம், அடுத்து யாரைக் கேட்கணும்னு தெரிஞ்சா போதும். புது ஊர்ல ஒரு வீட்டைத் தேடுறோம்னா, பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரருக்கு அந்த வீடு தெரியாது, ஆனா தெருவைக் காட்டுவார். தெருமுனையில நிக்கிறவர் வீட்டைக் காட்டுவார். அதே மாதிரி, ரூட் சர்வர் டாட் காம் எங்கேன்னு சொல்லும். டாட் காம் சர்வர் அந்த சைட்டோட சொந்த டிஎன்எஸ் சர்வரைக் காட்டும். அது கடைசியா ஐபி எண்ணைத் தரும்.

இந்த அலைச்சலை உங்க போனோ லேப்டாப்போ செய்யறதில்ல. உங்களுக்காக ஓடிப்போய் விசாரிச்சுட்டு வர்ற சர்வர் ஒண்ணு இருக்கு. அதுக்கு ரிசால்வர்னு பேர். ஒரு தடவை கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகமும் வச்சுக்கும். வீட்டுக்கு கனெக்‌ஷன் வாங்கும்போது, இந்த ரிசால்வர் பெரும்பாலும் உங்க இன்டர்நெட் கம்பெனியோடதா இருக்கும். நீங்க தேர்ந்தெடுக்கல, தானா வந்து உட்கார்ந்திருக்கு.

பதில் சொல்றவர் கையில இருக்கிற அதிகாரம்

இங்கதான் விஷயம் சூடு பிடிக்குது. நீங்க கேட்ட பேருக்கு எந்த எண்ணைச் சொல்றாரோ, அங்கதான் நீங்க போய் நிப்பீங்க.

2003 செப்டம்பரில், டாட் காம், டாட் நெட் இரண்டையும் நிர்வகித்த வெரிசைன் நிறுவனம் ஒரு வேலை செய்தது. நீங்க தப்பா டைப் பண்ணின, இல்லவே இல்லாத முகவரிக்கெல்லாம் "அப்படி ஒண்ணும் இல்ல" என்று சொல்வதற்குப் பதில், தன்னோட சொந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. அதுக்கு சைட் ஃபைண்டர்னு பேர். உலகம் முழுக்க எதிர்ப்பு. டொமைன் பேர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு கண்டித்ததும், அக்டோபர் ஆரம்பத்தில் அதை நிறுத்தியது. ஆனா பல நாடுகளில் இன்டர்நெட் கம்பெனிகள் அதே வித்தையைத் தங்கள் ரிசால்வரில் செய்து, விளம்பரப் பக்கம் காட்ட ஆரம்பித்தன.

2006-ல் ஓப்பன்டிஎன்எஸ் வந்தது: "உங்க கம்பெனி ரிசால்வர் வேண்டாம்னா எங்களோடதை வச்சுக்கோங்க." தப்பான முகவரிக்கு விளம்பரம் காட்டுற பழக்கம் ஆரம்பத்தில் அதுக்கும் இருந்தது. 2009 டிசம்பரில் கூகுள் பப்ளிக் டிஎன்எஸ் வந்தது. அதோட எண்தான் 8.8.8.8, துணைக்கு 8.8.4.4. மனப்பாடம் பண்ண இதைவிட லேசான நம்பர் கிடைக்காது.

இதே செட்டிங் திருடர்களுக்கும் வசதியா இருந்தது. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸ் கம்ப்யூட்டருக்குள் புகுந்து இந்த ஒரு எண்ணை மட்டும் மாத்திடும். அதுக்கப்புறம் எங்கே போகணும்னு முடிவு பண்றது திருடன். சில ரௌட்டர்களோட செட்டிங்கையும், கம்பெனி வச்ச பாஸ்வேர்டை யாரும் மாத்தாம விட்டிருந்ததால, அது மாத்தியது. 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் கும்பல் பிடிபட்டபோது, பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் சுமார் 40 லட்சம். அந்தத் திருட்டு சர்வர்களை உடனே அணைச்சா இத்தனை பேருக்கும் நெட் போயிடும். அதனால அமெரிக்க நீதிமன்ற அனுமதியோட அதே இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து ஓட்டினார்கள். 2012 ஜூலை 9 அன்றுதான் அவற்றை நிறுத்தினார்கள்.

இஸ்தான்புல் சுவர்கள்

2014 மார்ச் 20. துருக்கியில் ட்விட்டரைத் தடை செய்தார்கள். முதலில் டிஎன்எஸ் வழியாகத்தான்: உள்ளூர் ரிசால்வர்கள் ட்விட்டருக்குச் சரியான எண்ணைத் தர மறுத்தன. ஒரே நாளில் இஸ்தான்புல் சுவர்களில் ஸ்ப்ரே பெயின்ட்டில் 8.8.8.8 ஏறிவிட்டது. ஒரு டெக்னிக்கல் செட்டிங் அரசியல் கோஷமாக மாறிய தருணம் அது.

ஆனா கதை அங்கே முடியல. அடுத்து ட்விட்டரின் ஐபி எண்களையே தடுத்தார்கள். அதுக்கு டிஎன்எஸ் மாத்தி பிரயோஜனம் இல்ல. மாதக் கடைசியில், துருக்கி இன்டர்நெட் கம்பெனிகள் 8.8.8.8-க்குப் போகும் கேள்விகளை வழிமறித்து, கூகுள் போல வேஷம் போட்டுப் பதில் சொல்வதாக கூகுளே அறிவித்தது. இது எப்படிச் சாத்தியம்? பழைய டிஎன்எஸ் கேள்வி தபால் கார்டு மாதிரி. போற வழியில யார் வேணாலும் படிக்கலாம், பொய்ப் பதிலும் எழுதலாம்.

அந்த கார்டை கவருக்குள்ள போடும் வேலை பிறகு நடந்தது. 2016-ல் டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ், 2018-ல் டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ் ஆகிய தரநிலைகள் வந்தன. 2018 ஏப்ரல் 1-ல் கிளவுட்ஃப்ளேர் 1.1.1.1-ஐத் தொடங்கியது. அதே வருஷம் ஆண்ட்ராய்டு 9-ல் "பிரைவேட் டிஎன்எஸ்" என்ற ஆப்ஷன் வந்தது.

சரி, வீட்டுல என்ன செய்றது?

முதல்ல பிரச்சினை டிஎன்எஸ்தானான்னு பாருங்க. லேப்டாப்ல கமாண்ட் விண்டோவைத் திறந்து பிங் 8.8.8.8 என்று அடிங்க. பதில் வருது, ஆனா சைட் பேர் போட்டா திறக்கலைன்னா, சந்தேகம் டிஎன்எஸ் மேலதான். அந்த எண்ணுக்கே பதில் வரலைன்னா, பெரும்பாலும் லைன்லயோ ரௌட்டர்லயோ கோளாறு. நம்பரை மாத்தி நேரத்தை வீணாக்காதீங்க.

மாத்துறதுக்கு முன்னாடி பழைய செட்டிங்கை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. முதல்ல ஒரே ஒரு லேப்டாப்லயோ போன்லயோ மாத்திப் பாருங்க. சரியானா மட்டும் ரௌட்டர்ல மாத்துங்க. கையோட ரௌட்டர் பாஸ்வேர்டையும் மாத்திடுங்க, எதுக்குன்னு எஸ்டோனியா கதை சொல்லிடுச்சு. ஹோட்டல், ஏர்போர்ட் வைஃபையில லாகின் பக்கம் வரலைன்னா, பிரைவேட் டிஎன்எஸ்-ஐ கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிப் பாருங்க.

இன்னொண்ணு, டிஎன்எஸ் மாத்தினா உங்க பிளான் ஸ்பீடு கூடாது. முகவரி சீக்கிரம் கிடைக்கும், ரோடு அதே ரோடுதான். 2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனபோது, எந்த நம்பர் போட்டும் வேலை செய்யல. ஏன்னா ஃபேஸ்புக்கோட சொந்த டிஎன்எஸ் சர்வர்களுக்கே வழி இல்லாமப் போயிருந்தது.

கடைசியா, 8.8.8.8-னு போடும்போது நீங்க தினமும் எங்கெங்க போறீங்கன்ற பட்டியல் உங்க கம்பெனி ரிசால்வர்கிட்டேர்ந்து கூகுள் ரிசால்வர்கிட்ட போகுது. என்க்ரிப்ஷன் போடலைன்னா ரெண்டு பேருமே பார்க்கலாம். வேகத்தைப் பார்த்து மட்டும் நம்பரைத் தேர்ந்தெடுக்காதீங்க. அவங்க எதைச் சேமிக்கிறாங்க, எத்தனை நாள் வச்சுக்கிறாங்கன்னு பிரைவசி பாலிசியையும் ஒரு தடவை படிச்சிடுங்க. அஞ்சு நிமிஷ வேலைதான்.