பொதுச் சுகாதாரப் பணியில் வில்லியம் ஃபார்

1837ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி தொடக்கம் இங்கிலாந்திலும் வேல்சிலும் நிகழும் பிறப்பு, இறப்பு, விவாகம் என்பன அரசாங்க ஏடுகளிற் பதியப்படலாயின. அதற்கு முன்னர் இக்குறிப்புக்கள் தேவாலயங்களின் ஏடுகளிலேயே இருந்தன. இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராதார் பலர் அவற்றில் இடம்பெறவில்லை. ஆதன உரிமையையும் வமிச உரிமையையும் நீதிமன்றத்தில் நிலைநாட்டுதற்கு நம்பத்தக்க சான்று வேண்டும் என்பதே 1836ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் முதன்மையான நோக்கமாக இருந்தது. மக்களின் சுகாதாரத்தைப் பேணுதல் அன்று. ஆயினும் இறப்பேட்டில் மரணத்தின் காரணத்தை எழுதுவதற்கும் ஒரு நிரல் சேர்க்கப்பட்டது. அந்த ஒரு நிரலைப் பயனுடையதாக்குவதிலே தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டவர் வில்லியம் ஃபார் என்பவர்.

சுகாதாரத்தின் வரலாற்றை எழுதுவோர் நுணுக்குக்காட்டியைக் கையாண்ட அறிஞரையும் தடுப்பு மருந்து கண்ட வைத்தியரையுமே பெரிதும் முன்னிறுத்துவர். அஃது இயல்பே. ஃபார் கிருமி எதனையும் கண்டறிந்தவரல்லர். புது மருந்து எதனையும் ஆக்கியவருமல்லர். ஏறத்தாழ நாற்பதாண்டு காலம் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் இருந்து இறந்தோரை எண்ணினார். எழுதுவினைஞர் ஒருவரின் தொழில் போன்று தோன்றும் அவ்வுத்தியோகம் ஒரு தேசத்தின் சுகாதார வாழ்வையே மாற்றவல்லதாயிற்று. அதனினும் மேலாக, அவர் தொகுத்த கணக்கு அவர் கொண்ட கொள்கைக்கே மாறாக நின்றபோது அவர் கணக்கின் பக்கமே நின்றார். அவருடைய பணியின் பெருமை பெரும்பாலும் அவ்விடத்திலேயே தங்கியுள்ளது எனலாம்.

ஃபார் 1807ஆம் ஆண்டு சுரொப்சயர் மாகாணத்துக் கென்லி என்னுஞ் சிற்றூரில் வறிய குடும்பத்திற் பிறந்தார். யோசேப் பிரைஸ் என்னும் செல்வர் அவரைத் தம் ஆதரவில் வளர்த்தார். 1828இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற 500 பவுண் ஃபாரின் கல்விக்கு உதவிற்று. பாரிஸ் நகருக்குச் சென்று வைத்தியம் பயின்றார். அக்காலத்துப் பாரிஸ் வைத்தியசாலைகளில், ஒரு சிகிச்சை பயனுடையதா என்பதை ஆசிரியரின் சொல்லைக்கொண்டன்றி, நோயாளரை எண்ணிப் பார்த்துத் துணியும் முறை ஒன்று பியர் லூயி என்பவரால் வளர்க்கப்பட்டு வந்தது. ஃபார் அங்குக் கற்றவற்றுள் நிலைத்தது இதுவே. இலண்டனுக்கு மீண்டு 1832இல் மருந்தாளர் சங்கத்தின் அனுமதிப் பத்திரத்தைப் பெற்றார். உயர்ந்த வைத்தியப் பட்டம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. வைத்தியத் தொழிலும் செழிக்கவில்லை. 1837இல் மனைவியார் காசநோயால் இறந்தனர். அவ்வாண்டிலேயே பிரித்தானியப் பேரரசின் புள்ளிவிபரம் பற்றி மக்கலொக் வெளியிட்ட நூலில், பிறப்பு இறப்புக் கணக்கைக் குறித்து அவர் எழுதிய இயல் வெளிவந்தது. பதிவாளர் நாயகத்தின் காரியாலயத்தில் அவருக்கு இடங் கிடைத்தமைக்கு அவ்வியல் துணைசெய்தது.

பதிவாளர் நாயகமாக இருந்த தோமஸ் லிஸ்ரர் நாவலாசிரியர், புள்ளிவிபரத்திற் பயிற்சியுடையாரல்லர். 1839இல் ஃபார் அங்குக் கணக்குச் சுருக்கங்களைத் தொகுப்பவராக நியமனம் பெற்றார். அவர் எதிர்கொண்ட முதல் இடர் பெயர்களைப் பற்றியது. ஒரே நோயை ஒரு வைத்தியர் ஒரு பெயராலும் மற்றொருவர் வேறொரு பெயராலும் எழுதினர். வைத்தியரைக் காணாது இறந்தோர்க்கு அயலார் சொன்னதே காரணமாயிற்று. பெயர்கள் ஒருமைப்படாதவழி எண்ணுதலாற் பயனில்லை. ஆகவே நோய்களை வகுத்து நிரல்படுத்தி, பதிவாளருக்கு அறிவுறுத்தல் எழுதி, வைத்தியர் நிரப்புதற்குரிய அச்சிட்ட பத்திரங்களை அனுப்புவிக்கும் வேலையில் அவர் பல ஆண்டுகள் உழைத்தார். சலிப்பூட்டும் வேலையே, புகழ் தருவதுமன்று. ஆனால் பின்னர் அவர் செய்தவை அனைத்தும் இவ்வடித்தளத்தின் மீதே எழுந்தன.

இவ்வகுப்பு முறை அரசியலையும் தீண்டாமலிருக்கவில்லை. முதலாவது ஆண்டறிக்கையிலேயே பட்டினியால் இறந்தோர் 63 பேர் எனக் குறிக்கப்பட்டது. 1834ஆம் ஆண்டு வறியோர் சட்டத்தை நடத்தி வந்த ஆணைக்குழுவின் செயலாளர் எட்வின் சட்விக் இதனைக் கண்டு வெகுண்டார். அரசாங்க உதவி கிடைக்கும் நாட்டிலே பட்டினிச் சாவு எங்ஙனம் நிகழும் என்பது அவர் வினா. உணவுக் குறைவு பெரும்பாலும் நேராகக் கொல்வதில்லை, உடலை நலிவித்து நோய்களுக்கு இரையாக்கியே கொல்கிறது, ஆதலின் 63 என்பது மிகையன்று, குறைவே என்ற கருத்தில் ஃபார் நின்றார். சட்விக்கும் சுகாதாரச் சீர்திருத்தத்திற் பெயர்பெற்றவரே என்பதை மறத்தலாகாது. அழுக்கே நோய்க்கு மூலம் என்றார் அவர். அழுக்கோடு வறுமையையும் ஏட்டில் எழுதவேண்டும் என்றார் ஃபார்.

இவ்விருவரும் வேறொரு பொருளிலும் முரண்பட்டனர். சட்விக் 1842இல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையில், இறந்தோரின் சராசரி வயதைக்கொண்டு வகுப்புக்களை ஒப்பிட்டார். லிவர்பூல் நகரத்து மேன்மக்கள் சராசரியாக 35 வயதிலும் தொழிலாளர் 15 வயதிலும் இறந்தனர் என்பது அவர் காட்டிய கணக்கு. கேட்போர் நெஞ்சை உலுக்கும் எண்கள் இவை. ஆயினும் இம்முறை பிழையானது என்று ஃபார் காட்டினார். குழந்தைகள் மிகுதியாகப் பிறக்கும் கூட்டத்தில் இறப்போருள்ளும் குழந்தைகள் மிகுந்திருப்பர். அதனாற் சராசரி தாழும். அத்தாழ்வு முழுவதையும் சுகாதாரக் கேட்டின்மேல் ஏற்றுதல் தகாது. ஒவ்வொரு வயதிலும் உயிரோடிருப்போர் எத்தனை பேர், அவருள் இறப்போர் எத்தனை பேர் என்று பார்த்து ஆயுள் அட்டவணை அமைப்பதே நேரிய வழியாகும். அவ்வாறு அமைத்தபோதும் உண்மை கொடியதாகவே இருந்தது. 1843இல் வெளிவந்த கணக்கின்படி, பிறக்கும் குழந்தையின் எதிர்பார்க்கும் ஆயுள் சரே மாகாணத்தில் 45 ஆண்டும், இலண்டனில் 37 ஆண்டும், லிவர்பூலில் 26 ஆண்டுமாக இருந்தது. நல்ல நோக்கத்துக்காகத் தவறான கணக்கைக் காட்டவேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

பின்னர் ஆயிரம் பேருக்கு 17 பேருக்கு மேல் இறவாத மாவட்டங்களைத் தெரிந்தெடுத்து, அவற்றை அவர் அளவுகோலாக்கினார். அவ்வளவுக்கு மேற்பட்ட இறப்பெல்லாம் தவிர்க்கக்கூடியன என்பது அவர் வாதம். 1848ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில், இறப்பு ஆயிரத்துக்கு 23ஐக் கடந்த ஊர்களில் மக்கள் வேண்டாதவிடத்தும் சுகாதாரச் சபை நிறுவலாம் என்று விதிக்கப்பட்டது. ஏட்டில் இருந்த எண் சட்டத்தின் எண்ணாயிற்று.

இனி வாந்திபேதியைப் பற்றி நோக்கலாம். 1848-49இல் அந்நோய் இங்கிலாந்திலும் வேல்சிலும் 53,000க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அக்கால அறிஞர் பலரைப் போலவே ஃபாரும், அழுகிய பொருள்களினின்று எழும் நச்சுக் காற்றே நோயைப் பரப்புவதென நம்பினார். 1852இல் அவர் வெளியிட்ட பேரறிக்கையில் இலண்டன் மாவட்டங்களைத் தேம்ஸ் நதி மட்டத்துக்கு மேல் அவற்றின் உயரத்தின்படி வரிசைப்படுத்தினார். இருபது அடிக்கும் தாழ்ந்த பகுதிகளில் 10,000 பேருக்கு 102 பேர் இறந்தனர்; இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் 65 பேர்; நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் 34 பேர். மேலேறுந்தோறும் இறப்புக் குறைந்தது. ஒரு சூத்திரத்தில் அடக்கத்தக்க ஒழுங்கோடு குறைந்தது. நச்சுக் காற்று நதியருகே செறிந்து மேலே ஐதாகின்றது என்ற கொள்கைக்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ? எண்கள் பிழையல்ல, பொருள் கொண்ட விதமே பிழை. தாழ்ந்த பகுதி மக்களுட் பலர் நகரின் கழிநீர் கலந்த தேம்ஸ் நீரையே பருகினர் என்பதே உண்மைக் காரணம். எனினும் அவ்வறிக்கையில் நீர் வழங்கும் இடங்களைப் பற்றிய அட்டவணைகளையும் ஃபார் சேர்த்திருந்தார். தம் கொள்கைக்கு வேண்டாதது என்று அவற்றை விலக்கவில்லை.

ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் 1849இலேயே நீரால் நோய் பரவுகின்றதெனக் கூறியிருந்தார். அவர் கொள்கையைச் சோதித்தற்கு வாய்ப்பான நிலை தென் இலண்டனில் அமைந்தது. அங்குச் சதக்-வொக்ஸோல், லம்பெத் என்னும் இரு கம்பனிகள் ஒரே தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்கு நீர் வழங்கின. 1852இல் லம்பெத் கம்பனி தன் நீர் எடுக்கும் இடத்தை நகரின் அழுக்குச் சேராத தேம்ஸ் டிற்றனுக்கு மாற்றிற்று. மற்றது பற்றசீயில் அழுக்கு நீரையே தொடர்ந்து எடுத்தது. காற்றும் உயரமும் ஒன்றாயிருக்க, நீர் மட்டும் வேறாயிற்று. 1854இல் வாந்திபேதி மீண்டபோது இறந்தோரின் முகவரிகளை ஸ்னோவுக்குக் கொடுத்தவர் ஃபார். நோய் கண்ட வீட்டுக்கு நீர் எக்கம்பனியிலிருந்து வந்ததென விசாரித்து எழுதுமாறு தென் இலண்டன் பதிவாளர்களைப் பணித்தவரும் அவரே. முதல் ஏழு வாரத்தில், சதக்-வொக்ஸோல் நீர் பெற்ற வீடுகளுள் 10,000க்கு 315 மரணமும், லம்பெத் நீர் பெற்ற வீடுகளுள் 37 மரணமும் நிகழ்ந்தன என ஸ்னோ காட்டினார். இவ்வாராய்ச்சியே புரோட் வீதி நீர்ப்பம்பியின் கதையினும் வலிய சான்றாகும். கதையே அதிகம் பேசப்படுவது வேறு விடயம்.

ஆனால் ஃபார் உடனே மனம் மாறவில்லை. அவர் அங்கம் வகித்த அரசாங்க விஞ்ஞானக் குழு 1855இல் ஸ்னோவின் முடிவை ஏற்க மறுத்தது. தூய்மையற்ற நீரும் ஒரு துணைக்காரணம் என்ற அளவிலேயே ஃபார் நின்றார். 1858இல் ஸ்னோ 45 வயதில் இறந்தார். தாம் வென்றதை அவர் அறியவில்லை.

1866ஆம் ஆண்டுக் கோடையில் வாந்திபேதி மீண்டும் வந்தது. இலண்டனில் 5,500க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பகுதியினர் நகரின் கிழக்குப் பகுதியினர். வாரந்தோறும் வரும் இறப்புக் கணக்கை நோக்கிய ஃபார், மரணம் செறிந்த மாவட்டங்கள் கிழக்கு இலண்டன் நீர்க் கம்பனியின் பழைய போர்ட் நீர்த்தேக்கத்திலிருந்து நீர் பெறுவனவே எனக் கண்டார். பசல்ஜெற் அமைத்து வந்த பெருவடிகால் அப்பகுதியில் மட்டும் நிறைவேறாதிருந்தது. வடிக்கப்படாத நீர் ஒரு துளியும் வழங்கப்படவில்லை என்று கம்பனியின் பொறியியலாளர் பத்திரிகைக்கு எழுதினார். சில வீடுகளின் குழாய்களிலோ விலாங்கு மீன்கள் அகப்பட்டன! மூடப்படாத தேக்கங்களிலிருந்தும் நீர் எடுக்கப்பட்டதைக் கம்பனி பின்னர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

1868இல் வெளிவந்த அறிக்கையில் நீரே காரணம் என்பதை ஃபார் ஐயமற எழுதினார். ஸ்னோவின் பணிக்கும் உரிய இடந் தந்தார். காற்றை விற்கும் கம்பனிகள் இல்லாமையாற் காற்றுக்காகப் பரிந்து பேசுவார் இலர், நீருக்கோ செல்வமுடைய வழக்காளர் உளர் என்ற கருத்தில் ஓர் அங்கதமும் அதிற் சேர்த்தார். அறுபது வயதை எட்டிய அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர், பதினாறு ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதிப் பெயர்பெற்ற கொள்கையைக் கைவிட்டுத் தம் பெயராலேயே மாற்றி எழுதுதல் எளிதன்று.

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் கிரிமியப் போரினின்று மீண்டபின் 1856 முதல் ஃபாரோடு சேர்ந்து படைவீரரின் இறப்புக் கணக்கை ஆராய்ந்தார். சமாதான காலத்திலும் படைமுகாம்களில் வாழ்ந்த இளைஞர், அதே வயதுக் குடிமக்களினும் ஏறத்தாழ இருமடங்கு இறந்தனர் என்பது வெளிப்பட்டது. அம்மையாரின் புகழ்பெற்ற வரைபடங்களின் பின்னே ஃபாரின் அட்டவணைகளும் இருந்தன.

1853இல் பிரசெல்சிற் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மகாநாடு, எல்லா நாடுகளுக்கும் ஒத்த மரணக் காரணப் பட்டியலை ஆக்கும் பொறுப்பை அவரிடமும் ஜெனீவா நகரத்து மார்க் தெஸ்பின் என்பவரிடமும் ஒப்படைத்தது. உலக சுகாதார நிறுவனம் 1948 முதல் பேணிவரும் சர்வதேச நோய்ப் பட்டியலின் வமிச மூலம் அவ்வேலையிலே உள்ளது. இலங்கையிலும் 1867 முதல் பிறப்பு இறப்புப் பதிவு சட்டப்படி நடைபெறலாயிற்று. 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இலங்கையின் இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. அது மலேரியா நுளம்புக்கு டி.டி.ரி. தெளித்ததன் பயனா, உணவும் வைத்திய வசதியும் பெருகியதன் பயனா என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். கிராமப் பதிவாளர் எழுதிய ஏடுகள் இல்லையேல் வாதிடுதற்குரிய பொருளே இருந்திராது.

பதிவாளர் நாயகம் ஜோர்ஜ் கிரகம் ஓய்வு பெற்றபோது, அப்பதவி ஃபாருக்குக் கிடைக்கும் எனப் பலர் எதிர்பார்த்தனர். அரசாங்கமோ புள்ளிவிபரத் துறைக்குப் புதியவரான வேறொருவரை நியமித்தது. 1880இல் ஃபார் உத்தியோகத்தினின்று விலகினார். 1883ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் அவர் காலமானார். அவ்வாண்டிலேயே றொபேட் கொக் எகிப்துக்குச் சென்று, வாந்திபேதியால் இறந்தோரின் குடலில் அந்நோய்க் கிருமியை நுணுக்குக்காட்டியிற் கண்டார்.