கௌரி பண்டிகையும் மைசூருவின் முறப் பாகினாவும்

விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள், பாத்ரபத மாத வளர்பிறை திருதியையில், கர்நாடகத்தில் கௌரி பண்டிகை கொண்டாடப்படுகிறது. ஸ்வர்ண கௌரி விரதம் என்றும் இதனை அழைப்பர். பிறந்த வீட்டுக்கு வரும் கௌரியை அழைத்துச் செல்ல மகன் விநாயகர் மறுநாள் வருகிறார் என்பது ஐதீகம். மைசூரு வட்டாரத்தில் இந்நாளின் முக்கியச் சடங்கு, சுமங்கலிப் பெண்கள் ஒருவருக்கொருவர் வழங்கும் 'மொரத பாகினா' ஆகும்.

கன்னடத்தில் 'மொர' என்பது தமிழில் முறம். மஞ்சள் பூசிய மூங்கில் முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், கருகமணி, சீப்பு, சிறு கண்ணாடி, ரவிக்கைத் துணி, தேங்காய், அரிசி, பருப்பு, வெல்லம் ஆகியவற்றை வைத்து, மற்றொரு முறத்தால் மூடுவர். பொதுவாகக் குறைந்தது ஐந்து பாகினாக்கள் தயாரிக்கப்படும். அவற்றில் ஒன்று அம்மனுக்கு உரியது. விரதம் இருப்பவர்கள் 16 முடிச்சுகள் கொண்ட நோன்புக் கயிற்றை வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூடியபடி முறத்தை அளிக்கின்றனர்.

முறத்தில் உள்ள பொருட்களின் விலை அதிகமில்லை. பிடி அரிசியால் எவர் வீட்டுத் தேவையும் தீர்ந்துவிடாது. உறவை ஆண்டுக்கு ஒருமுறை உறுதிப்படுத்துவதே இதன் நோக்கம். மணமாகிச் சென்ற பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் இந்நாளில் சேலையோ பணமோ அனுப்புவதும் 'கௌரி பாகினா' என்றே வழங்கப்படுகிறது. தமிழகத்தின் பொங்கல் சீருக்கு இணையானது இது.

பண்டிகைக்கு முன் அடையாளமாக ஒன்றைக் கொடுக்கும் மரபு பிற சமயங்களிலும் உண்டு. பண்டைய எருசலேம் ஆலயத்துக்குச் செலுத்தப்பட்ட அரை ஷெக்கேல் காணிக்கையின் நினைவாக, பூரிம் பண்டிகைக்கு முன்பு யூதர்கள் அரை மதிப்பு நாணயங்களை அறப்பணிக்கு அளிக்கின்றனர். அக்காணிக்கையில் செல்வர் கூடுதலாகவோ வறியவர் குறைவாகவோ செலுத்தக் கூடாது என்பது விதி. பாகினாவில் அத்தகைய பொதுத்தன்மை இல்லை. கணவரை இழந்த பெண்களுக்கு இச்சடங்கில் மரபாக இடமில்லை என்பது இதன் கடுமையான பக்கம்.

பெண்களுக்கு இடையிலான இச்சடங்கு, தாயாகக் கருதப்படும் காவிரிக்கும் செய்யப்படுகிறது. மைசூரு அருகே, மண்டியா மாவட்டத்தில் உள்ள கிருஷ்ணராஜசாகர் அணை அதன் முழு கொள்ளளவான 124.80 அடியை எட்டியதும், கர்நாடக முதலமைச்சர் முறங்களில் மங்கலப் பொருட்களை வைத்து நீரில் விடுகிறார். மைசூரு மாவட்டத்தின் கபினி அணையிலும் இவ்வழக்கம் உண்டு. 2025 ஜூன் 30 அன்று முதலமைச்சர் சித்தராமையா கிருஷ்ணராஜசாகரில் பாகினா சமர்ப்பித்தார்; ஜூன் மாதத்திலேயே அணை நிரம்பியது அதுவே முதன்முறை எனக் கூறப்பட்டது. மேட்டூர் நீரை நம்பியுள்ள டெல்டா விவசாயிகளுக்கு இச்செய்தி வெறும் சடங்குச் செய்தி அன்று. ஆடிப்பெருக்கு நாளில் தமிழகப் பெண்கள் காதோலை, கருகமணியை இதே ஆற்றுக்கே அளிக்கின்றனர்.

பாகினாவால் நேரடியாகப் பிழைப்பவர்கள் முறம் பின்னும் மேதர் சமூகத்தினர். மைசூருவில் அவர்களது பெயரிலேயே மேதர் பிளாக் என்ற பகுதி உள்ளது. பண்டிகைக்குச் சில வாரங்களுக்கு முன்பே மூங்கிலைப் பிளந்து, சீவி, முறம் பின்னும் பணி தொடங்கிவிடும். அன்றாடச் சமையலறையில் முறத்தின் பயன்பாடு குறைந்துவிட்ட நிலையில், கௌரி பண்டிகை விற்பனையே அவர்களுக்குப் பெரிய ஆதாரம். பிளாஸ்டிக் முறங்களும் தட்டுகளும் இப்போது அதற்கும் போட்டியாக வந்துள்ளன. மூங்கில் முறம் ஆற்றில் விட்டால் மட்கிவிடும், பிளாஸ்டிக் மட்காது.