குரல் துலாத்தில், இளி இடபத்தில்

மதுரைக்கு வெளியே ஆயர்பாடி. உறை ஊற்றிய பால் குடத்தில் தோயவில்லை. உறியில் இருந்த வெண்ணெய் உருகவில்லை. எருதின் கண்ணில் நீர் வழிகிறது. பசுவின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. அரண்மனைக்கு நெய் அளக்கும் முறை அன்று தங்களுடையது என்று புறப்பட்ட மாதரி, இந்தக் குறிகளைக் கண்டு நின்றுவிடுகிறாள். ஏதோ தீங்கு வரப்போகிறது, கண்ணன் ஆடிய குரவையை நாமும் ஆடுவோம், கண்ணகியும் பார்க்கட்டும் என்று மகள் ஐயையிடம் சொல்கிறாள். ஏழு பெண்களை அழைத்து வட்டமாக நிறுத்துகிறாள். ஒவ்வொருத்திக்கும் புதுப்பெயர் வைக்கிறாள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். தமிழிசையின் ஏழு சுரங்களும் அந்த நொடியில் ஏழு பெண்களாகின்றன.

சிலப்பதிகாரத்தின் பதினேழாம் பகுதியான ஆய்ச்சியர் குரவையில் இப்படித்தான் வருகிறது. தஞ்சை மாவட்டப் பள்ளி ஒன்றில் பாட்டு டீச்சராக இருந்தவள் நான். பணியில் இருந்த காலம் முழுவதும் இந்த ஒரு பகுதியைப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் ஓர் ஆண்டையும் விட்டதில்லை. கதைமாந்தரை ராசியைக் கொண்டும் இசையைக் கொண்டும் உருவாக்கும் வழக்கம் நம்மிடம் எவ்வளவு பழையது, எவ்வளவு நுட்பமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மாதரி பெயரோடு நிற்கவில்லை. குரல் என்ற பெண்ணை மாயவன் என்கிறாள். இளி என்பவளைப் பலராமன் என்கிறாள். துத்தம் நப்பின்னை. மற்ற நால்வரும் அவரவர் முறையில் நிற்கிறார்கள். யார் பக்கத்தில் யார் என்பதையும் இளங்கோ சொல்லிவிடுகிறார். மாயவனுக்கு ஒருபுறம் பின்னை, மறுபுறம் தாரம். பலராமனுக்கு ஒருபுறம் உழை, மறுபுறம் விளரி. பின்னையின் இடப்பக்கம் கைக்கிளை. வெறும் கூத்து வருணனை என்று நினைத்து இதைத் தாண்டிப் போய்விடலாம். அப்படிப் போகவிடாமல் நம்மைப் பிடித்து நிறுத்துபவர்கள் உரைகாரர்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த அடியார்க்கு நல்லாரின் உரையும் அதற்கு முந்திய அரும்பத உரையும் இல்லாவிட்டால் இந்த நூலின் இசைப் பகுதி நமக்கு இருட்டுத்தான். சுரங்களை ராசி வட்டத்தில் நிறுத்தும் வட்டப்பாலைக் கணக்கு உரை வழியாகக் கிடைப்பது இது. ராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு வீடுகளில் குரல் நிற்பது துலாம், துத்தம் தனுசு, கைக்கிளை கும்பம், உழை மீனம், இளி இடபம், விளரி கடகம், தாரம் சிங்கம். மேடம், மிதுனம், கன்னி, விருச்சிகம், மகரம் ஐந்தும் காலி. சுரங்களுக்கு அலகும், அதாவது சுருதி அளவும் உண்டு: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. ஆக 22.

இதைப் பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகளுக்கு ஏறாது. அதனால் பாட்டு வகுப்பின் தரையில் சாக்பீசால் ராசிக் கட்டம் போடுவேன், நம் வீட்டு ஜாதகங்களில் இருக்கும் அதே சதுரம். மேல்வரிசை இடக்கோடியில் மீனம், அங்கிருந்து வலமாக மேடம், இடபம், மிதுனம். நடுவில் நாலு கட்டம் வெறுமை. ஏழு பெண்களை ஏழு வீட்டில் நிறுத்தி, சுருதிப் பெட்டியை ஐந்தரைக் கட்டையில் வைத்துவிட்டு, துலாத்தில் நிற்பவளை முதலில் ‘ச’ பாடச் சொல்வேன். ஒரு வீட்டுக்கு ஓர் அரைச்சுரம். விருச்சிகம் காலி, அதைத் தாண்டித் தனுசு, பெரிய ரிஷபம். மகரம் காலி, தாண்டிக் கும்பம், பெரிய காந்தாரம். அடுத்த வீடே மீனம், இடையில் காலியே இல்லை, சின்ன மத்தியமம். மேடத்தைத் தாண்டி இடபத்தில் பஞ்சமம். மிதுனத்தைத் தாண்டிக் கடகத்தில் பெரிய தைவதம். ஒட்டினாற்போல் சிங்கத்தில் சின்ன நிஷாதம். கன்னியைத் தாண்டித் துலாத்துக்கே திரும்பினால் மேல் சட்ஜம். ஏழு பேரும் வரிசையாகப் பாடி முடித்ததும், கொஞ்சம் பாட்டு கேட்ட பிள்ளைகூட “அரிகாம்போதி, டீச்சர்!” என்று கத்தும். செம்பாலை என்று நூல் சொல்வது அதைத்தான் என்று இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

அடுத்து, யாரும் நின்ற இடத்தைவிட்டு நகராமல், தனுசில் நிற்பவளை ‘ச’ ஆக்குவேன். அதே ஏழு பேர், அதே ஏழு ஒலி. காதில் விழுவதோ நடபைரவி. மீனத்திலிருந்து தொடங்கினால் சங்கராபரணம், இடபத்திலிருந்து கரகரப்பிரியா, கடகத்திலிருந்து தோடி, சிங்கத்திலிருந்து கல்யாணி. இன்று கிரகபேதம் என்கிறோம், பழந்தமிழில் பண்ணுப்பெயர்த்தல். கும்பத்தில் மட்டும் ஒரு சிக்கல் வரும். அங்கிருந்து எண்ணினால் பஞ்சமம் விழவேண்டிய வீடு கன்னி, கன்னியில் ஆளில்லை. பஞ்சமம் இல்லாத அந்தப் பாலைதான் செவ்வழி. தரையில் நின்று பாடிப் பார்த்த பிள்ளை இதை ஆயுசுக்கும் மறக்காது.

ஒருமுறை கடகத்தில் நின்ற பெண் கேட்டாள்: “டீச்சர், என் ராசியும் கடகந்தான். அதனாலதான் என்னை இங்க நிக்க வெச்சீங்களா?”

“இல்லம்மா. உனக்குத் தைவதம் ஆடாம நிக்குது. அதனாலதான்.”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. ராசி என்றதும் பிறப்பையும் பலனையும் நினைப்பதுதான் நம் பழக்கம். கம்பர் தசரதனின் நான்கு பிள்ளைகளையும் அப்படித்தான் அறிமுகம் செய்கிறார். இராமனுக்குப் புனர்பூசமும் கடகமும், பரதனுக்குப் பூசமும் மீனமும். இலக்குவனுக்கு ஆயிலியமும் கடகமும். அவற்றைப் பாம்பாகவும் நண்டாகவும் உருக்காட்டி ஒரே அடியில் இணைத்துவிடுகிறார். சத்துருக்கனனுக்கு மகமும் சிங்கமும் தருகிறார். வால்மீகி இலக்குவனையும் சத்துருக்கனனையும் ஆயிலியத்திலேயே பிறக்க வைத்திருந்தார். கம்பர் பிரித்து வேறு நாள் கொடுத்திருக்கிறார் என்றால், பெரிய கவிஞன் ஒருவனுக்கு நட்சத்திரம் பாத்திரப் படைப்பின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கிறது என்று பொருள்.

இளங்கோவின் வழி வேறு. அவர் கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு என்று சொல்கிறார். பிறந்த நட்சத்திரம் சொல்லவில்லை. ஆயர்பாடிப் பெண்களின் ராசி, நிற்கும் இடம் மட்டுமே. ஒருவர் யார் என்பது அவருக்கு எத்தனையாவது இடத்தில் யார் நிற்கிறார் என்பதால் தெரியவரும். இதற்கு இசை நூலார் வைத்த பெயர்களைப் பாருங்கள். ஒரு நரம்பை, அதாவது சுரத்தை, ஒன்றாக வைத்து எண்ணினால் இரண்டாவது இணை. ஐந்தாவது கிளை. நாலாவது நட்பு. மூன்றும் ஆறும் பகை. இணை, கிளை, நட்பு, பகை, அத்தனையும் மனிதர்களுக்கு இடையே உள்ள உறவுகள். இப்போது மாதரியின் வட்டத்தை மறுபடி எண்ணுங்கள். குரல் மாயவன். அவனுக்கு இரண்டாவது துத்தம், அதாவது நப்பின்னை: அவள் இணை. ஐந்தாவது இளி, அதாவது பலராமன்: அவன் கிளை. காதலிக்கு இணை நரம்பு, உடன்பிறந்தவனுக்குக் கிளை நரம்பு. பக்கத்தில் நிற்பவர்களையும் சரிபாருங்கள். துலாத்துக்கு இருபுறமும் சுரம் உள்ள அடுத்த வீடுகள் தனுசும் சிங்கமும், அதாவது பின்னையும் தாரமும். இடபத்துக்கு இருபுறமும் மீனமும் கடகமும், அதாவது உழையும் விளரியும். உரைகாரர் சொல்லும் ராசி வட்டமும் இளங்கோ நிறுத்திய கூத்து வட்டமும் ஒன்றேதான். இதை முதன்முதலில் விரல்விட்டு எண்ணிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்கள் கை கோத்து ஆடும் முத்திரையின் பெயர்கூடக் கற்கடகம்.

இவ்வளவும் நம் கைக்கு வந்துசேர்ந்ததே பெரும்பாடு. அடியார்க்கு நல்லாரின் உரையே முழுதாக இல்லை. இசை மிகுந்த கானல்வரிக்கு அவர் எழுதியது கிடைக்கவில்லை. அவர் மேற்கோள் காட்டும் இசை நாடக நூல்களில் பல பெயரளவில் நிற்கின்றன. உ.வே.சாமிநாதையர் 1892ல் உரையோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது நூல் கிடைத்தது, இசை கிடைக்கவில்லை. படித்த புலவருக்குப் பாடத் தெரியாது, பாடுகிறவருக்கு அந்தப் பழைய பெயர்கள் தெரியாது. அந்த இடைவெளியில் இறங்கியவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். மருத்துவம் செய்து சம்பாதித்ததை இசை மாநாடுகளுக்கும் ஆராய்ச்சிக்கும் செலவிட்டவர். 1916ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் சுருதிக் கணக்கை எடுத்துவைத்தார். அவர் குடும்பத்துப் பெண்கள் வாசித்துக் காட்டினார்கள். 1917ல் வந்த அவருடைய கருணாமிர்த சாகரத்தில் ராசி வட்டங்கள் படமாகவே இருக்கின்றன. அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கட்டங்களைத் திறந்து வைத்தவர் அவர்தான்.

அடுத்து மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். விஞ்ஞானம் படித்தவர் என்பதால் நரம்பின் நீளத்தையும் அலகையும் கணக்காகவே போட்டுப் பார்த்தார். அவருடைய யாழ்நூல் 1947ல் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேறியது. அடுத்த சில வாரங்களில் அவர் மறைந்தார். பிறகு எஸ்.இராமநாதன். அவர் பாடகரும் வீணை வாசிப்பவருமாக இருந்ததால், எழுதிய கருத்தைத் தாமே பாடிக் காட்ட முடிந்தது. ஆய்ச்சியர் பாடும் முல்லைப்பண் மோகனம் என்று இன்று மேடைகளில் பாடுகிறோமே, அந்தத் துணிவு இவர்கள் கொடுத்தது.

நூலுக்குள்ளேயே இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்க்கிற ஒருத்தி இருக்கிறாள். மாதவி. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டில் அரங்கேறி, 1008 கழஞ்சு பொன் பெற்றவள். கானல்வரியில் கோவலனும் அவளும் மாறிமாறிப் பாடிய பாட்டில் ஒருவர்மேல் ஒருவருக்கு ஐயம் விழுந்து, அவன் போய்விட்டான். வேனிற்காதையில் அவள் மேல்மாடத்தில் பதுமாசனத்தில் அமர்ந்து பதினாலு நரம்புச் சகோடயாழை எடுக்கிறாள். வலக்கை கோட்டைப் பிடிக்க, இடக்கை நாலு விரலும் மாடகத்தில் நிற்கின்றன. எங்கே இணை, எங்கே கிளை, எங்கே பகை, எங்கே நட்பு என்று நோக்குகிறாள். குரலையும் இளியையும் ஒலிக்கவிட்டுக் கேட்கிறாள். ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறது. பாடத் தொடங்கியதும் மயங்குகிறாள். பிறகுதான் தாழை மடலில் செம்பஞ்சுக் குழம்பு தொட்டுக் கடிதம் எழுதுகிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். சுருதி தப்பாத விரல் உள்ள ஒருத்தி பாட்டில் தப்புகிறாள் என்பதை விட அவளைப் பற்றி வேறென்ன சொல்ல வேண்டும்? அவள் அழுதாள் என்று நான்கு அடி எழுதியிருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது. பின்னாளில் நாம் எழுதிய எத்தனையோ நாயகிகள் வீணையோடு வருகிறார்கள். அவர்களில் பலருக்கு வீணை ஓர் அணிகலன். மாதவிக்கு யாழ்தான் நெஞ்சு.

இளங்கோவுக்கு நாளும் கோளும் தெரியாமல் இல்லை. கண்ணகி கல்யாணம் திங்கள் உரோகிணியோடு கூடிய நாளில். மதுரை எரிவது ஆடி மாதத் தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை. எல்.டி.சுவாமிக்கண்ணுப் பிள்ளை இதை வைத்துக் கணக்கிட்டு கி.பி. 756 என்று சொன்னார், அந்த ஆண்டைப் பலர் ஒப்பவில்லை. ஊரின் அழிவுக்கு நாள் குறிக்கத் தெரிந்தவர், மனிதர்களைக் காட்ட அந்த நாளை எடுக்கவில்லை, நரம்பை எடுத்தார்.

குரவை ஆடும்போது கோவலன் ஏற்கெனவே வெட்டுண்டு கிடக்கிறான். முந்தைய கொலைக்களக் காதையிலேயே அது முடிந்துவிட்டது. படிக்கிற நமக்குத் தெரியும், வட்டத்தில் ஆடுகிறவர்களுக்கும் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணகிக்கும் தெரியாது. ஆண்டு விழாவுக்கு இதை மேடை ஏற்றியபோது, கண்ணகியாக வந்த பெண்ணை வட்டத்துக்கு வெளியே, விளரிக்கு நேர் பின்னால் உட்கார வைத்தேன். விளரி இரங்கலுக்கு உரிய பண்ணின் பெயரும் ஆகும். நூல் இப்படிச் சொல்லவில்லை, இது என் தீர்மானம். பாட்டு மோகனத்தில். மோகனத்துக்கு மத்தியமமும் நிஷாதமும் கிடையாது, ஆகவே உழையும் தாரமும் வாய் திறக்காமல் ஆட மட்டும் செய்தார்கள். தாரமாக நின்ற பெண் ஒத்திகையில் வந்து, “நான் பாடவே வேண்டாமா டீச்சர்?” என்று கேட்டாள். நீ மாயவன் பக்கத்தில் நிற்கிறாய், நீ இல்லாவிட்டால் வட்டம் மூடாது என்று சொல்லி, கன்னி வீட்டைத் தாண்டி அவள் துலாத்தின் கையைப் பிடிக்கிற அந்த ஓர் அடியைத் தனியாகப் பலமுறை பயிற்சி செய்ய வைத்தேன்.