வாகரையும் எச்.ஐ.வி. தடுப்பும்: ஆரம்பச் சுகாதார சேவையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் சுகாதார வரலாற்றிலே 1926ஆம் ஆண்டு களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு ஒரு திருப்பமாகும். நோயாளி ஆசுபத்திரியைத் தேடிச் செல்லும் நிலை மாறி, மக்கள் வாழும் இடத்துக்கே சுகாதாரம் செல்லும் முறை அங்கேதான் உருப்பெற்றது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நல மாது ஆகியோரைக் கொண்ட அவ்வமைப்பு பின்னர் நாடெங்கும் பரவிற்று. 1978இல் அல்மா ஆட்டா மாநாடு ஆரம்பச் சுகாதாரப் பராமரிப்பை உலகுக்கு எடுத்துரைத்தபோது, அதன் சாரம் இங்கு அரை நூற்றாண்டுப் பழமை உடையதாயிருந்தது.

எயிட்சு நோய் 1981இல் அமெரிக்காவில் இனங்காணப்பட்டது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வு இந்தியாவில் அதன் இருப்பை வெளிப்படுத்திற்று. இலங்கையர் ஒருவரிடம் அது முதன்முதலில் அறியப்பட்டது 1987இலாகும். கர்ப்பகாலத்தில் மருந்து கொடுத்தால் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதைப் பெரிதும் குறைக்கலாம் என்பது 1994இல் நிறுவப்பட்டது. இக்கண்டுபிடிப்பைக் கிராமம்வரை கொண்டுசெல்லப் புதிய அமைப்பொன்று இலங்கைக்குத் தேவைப்படவில்லை. கர்ப்பிணிகளின் குருதியில் மேகநோயைச் சோதிக்கும் வழக்கம் முன்னரே இருந்தது, எச்.ஐ.வி. சோதனையும் அதனுடன் இணைக்கப்பட்டது. இவ்விரு நோய்களும் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. பெருமைக்குரிய செய்திதான், ஆயினும் அதன் முழுப்பொருளை அறிய வாகரை போன்ற எல்லைப்புறங்களை நோக்குதல் வேண்டும்.

மட்டக்களப்புக்கு வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் காடுமாகக் கிடப்பது வாகரை. 2004இல் ஆழிப்பேரலை அதனைத் தாக்கிற்று. 2006–2007இல் போர் அங்குள்ள மக்களை இடம்பெயர்த்தது. கர்ப்பிணிப் பதிவும், மாதாந்தச் சோதனையும், வீடுதேடி வரும் மாதுவும் ஊர் ஓரிடத்தில் நிலைத்திருந்தாலன்றி நடைபெறா. எனவே மீள்குடியேற்றத்தின் பின் அச்சேவை மீண்டும் வேரூன்றியதைக் கட்டிடங்கள் எழுந்ததைவிடப் பெரிய நிகழ்வாகக் கொள்ளலாம்.

ஆனால் குருதி எடுப்பது எளிது; அதன்பின் வருவதே அரிது. மருந்து வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளப்பட வேண்டியது. அதனை வழங்குபவை பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள். அவையோ பெரும்பாலும் நகரத்து ஆசுபத்திரிகளைச் சார்ந்தவை. வாகரையிலிருந்து மட்டக்களப்பு நகர் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். ஒருநாட் கூலியை இழந்து, எங்கே போகிறாய் என்ற அயலாரின் கேள்விக்கும் விடைசொல்லிப் போகவேண்டிய தூரம் அது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரிலே இரகசியம் காத்தல் மருந்துக்கு நிகரான பராமரிப்பாகும்.

இன்னுமொன்று. இவ்வலையில் அகப்படுபவர் கர்ப்பிணிகளே. தொற்று தம்மிடமிருந்தே மனைவியருக்குச் சென்றிருக்கக்கூடிய ஆடவர்க்கு மாதந்தோறும் செல்லவேண்டிய சிகிச்சை நிலையம் எதுவும் கிராமத்தில் இல்லை. சோதனையின் முடிவை முதலில் அறிபவள் பெண்ணாதலால், பழியும் முதலில் அவளையே சேர்கின்றது.