கொள்ளையர் பேரேடு பிறந்த கதை

தென்சீனக் கடலைக் கலக்கிய ஒரு பெண்ணைச் ‘செங் யீ சாவ்’ என்றே வரலாறு அழைக்கிறது. சாவ் என்றால் அண்ணி. செங் யீ வீட்டு அண்ணி, அவ்வளவுதான்.

செங் யீ கடற்கொள்ளைக் குடும்பத்தில் வந்தவர். வியட்நாமின் தாய்சோன் அரசர்களுக்காகக் கூலிக்குப் போரிட்டவர். 1802-இல் அந்த அரசு விழுந்தது. போக்கிடம் இல்லாமல் குவாங்டோங் கரைக்குத் திரும்பிய கூட்டங்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டன. அந்தச் சண்டையை நிறுத்தி ஒன்றுசேர, 1805-இல் ஏழு தலைவர்கள் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். இரண்டே ஆண்டில் செங் யீ இறந்துவிட, கூட்டணியின் பொறுப்பு மனைவியின் கைக்கு வந்தது. அதன் ஒரு பிரிவான சிவப்புக் கொடிப் படையை நடத்த, கணவர் தத்தெடுத்திருந்த மீனவர் மகன் சாங் பாவை நிறுத்தினார். பின்னாளில் அவரையே மணந்துகொண்டார்.

கொள்ளையரின் சட்டம் பிறந்தது இந்தக் கட்டத்தில். பல்லாயிரம் பேர் கப்பலிலேயே குடியிருக்கிறார்கள். அரிசியும் சாராயமும் கரையிலிருந்துதான் வரவேண்டும். அதனால் ஊராரிடம் காசு கொடுக்காமல் பறித்தவனுக்கு மரணம் என்று விதித்தார்கள். கொள்ளைப் பொருள் முழுவதும் பேரேட்டில் ஏறவேண்டும். பத்தில் இரண்டு பங்கு பிடித்தவனுக்கு, எட்டு பொதுக் கிடங்குக்கு. சொல்லாமல் கரையேறியவனின் காதைத் துளைத்தார்கள். மறுபடி போனால் தலை போகும்.

1830-இல் வெளிவந்த சீன நூல் முக்கியமான விதிகளைச் சாங் பாவின் பெயரில்தான் சொல்கிறது. ஆனால் எழுத்தில் விண்ணப்பம் வராமல் அண்ணி எதற்கும் இசையமாட்டார் என்றும் அதே நூல் சொல்கிறது. அந்தப் பேரேட்டுக்குப் பின்னால் இருந்தது அவர் புத்திதான் என்று நான் நம்புவது இதனால்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் அதிகாரி ரிச்சர்ட் கிளாஸ்பூல் 1809-இல் இந்தக் கொள்ளையரிடம் பிடிபட்டார். கணக்கில் இருந்த கறார் மீட்புப் பணத்திலும் இருந்தது. மீட்க வந்தவர்கள் வெள்ளி நாணயங்களோடு இரண்டு சிப்பம் கருஞ்சிவப்புத் துணி, இரண்டு பெட்டி அபின், இரண்டு பீப்பாய் வெடிமருந்து, ஒரு தொலைநோக்கி கொண்டுவந்தார்கள். தொலைநோக்கியைப் பார்த்த கொள்ளையர் தலைவர், புதியது இல்லை என்று மறுத்துவிட்டார். வேறொன்று தரவேண்டும், அல்லது 100 டாலர். அதுவரை ஓர் ஆள் இங்கேயே இருக்கட்டும் என்றார். 100 டாலரில் பேச்சு முடிந்தது.

அதே கிளாஸ்பூல் தன் அனுபவக் குறிப்பில் எழுதிய இன்னொன்றைப் படித்துவிட்டு என்னால் இந்தச் சட்டத்தை மெச்ச முடியவில்லை. சிறைப்பட்ட பெண்ணை வன்கொடுமை செய்தால் மரணம் என்று விதி இருந்தது. ஆனால் மீட்புப் பணம் வராத பெண்களைத் தலைக்கு 40 டாலருக்குத் தங்களுக்குள் விற்றுக்கொண்டார்கள். அதற்கு உடன்படாமல் கடலில் குதித்து உயிரைவிட்ட பெண்கள் உண்டு.

கடைசியில், 1810 ஏப்ரலில் அண்ணி ஆயுதம் இல்லாமல், பெண்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு காண்டன் ஆளுநரின் மாளிகைக்குப் போய்ச் சரணடைவுக்குப் பேரம் பேசினார். 17,318 பேர், 226 கப்பல்கள், 1,315 பீரங்கிகள் என்று அதிகாரிகள் பதிந்துகொண்டார்கள். கொள்ளையில் சேர்த்த பணம் கொள்ளையரிடமே இருந்தது.